கடலைக்கு எத்தனை விசில்

சம்பளம் விழுந்த மறுநாள், ஞாயிறு.
சந்தையின் பின்பக்கக் கடையில்
நெஞ்செலும்போடு ஒன்றரைக் கிலோ.
நாலு மடிப்புப் பேப்பரில் சுற்றி
அதற்கு மேல் முருங்கையிலை ஒரு கட்டு,
அதற்கு மேல் என் குடை.
கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கனகபுரம் மட்டும்
முகில் ஒன்றும் இல்லாத வானத்தின் கீழ்
குடையைக் குழந்தைபோல மடியில் வைத்து
கரியரில் இருந்து வந்தாள் பெனடிக்ரா.
மிதித்தது நான்.

வீடு வாடகைக்குத் தந்த அன்று
பரமசாமி அண்ணை சொன்னது மூன்று:
கிணற்றடியில் சவர்க்கார நுரை நிற்கக் கூடாது.
ஒன்பதுக்குப் படலை பூட்டிவிடுவேன்.
மற்றது…
மற்றது தெரியும்தானே பிள்ளையள்.
மாடு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.
அவர் மனைவி வட்டாப்பளைக்கு நேர்ந்து
மச்சம் விட்டவ.
இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி.
தகரத்துக்குக் கண் இல்லை,
மூக்கு இருக்கிறது.

அதனால்தான் குக்கர்.
திறந்த சட்டி என்றால் மூன்று மணித்தியாலம்,
வாசம் ஒழுங்கை முழுக்க நடந்து போய்
ஒவ்வொரு வீட்டிலும் குந்திக் கதைத்துவிட்டு வரும்.
மூடி முறுக்கினால் எல்லாம் உள்ளே.
அப்படித்தான் நினைத்தோம்.

வாஷர் தளர்ந்திருந்தது.
கிணற்றுவாளித் தண்ணீரில் அரைமணி போட்டு
இறுக்கி எடுத்தாள் தயாழினி.
துண்டுகளை ஈரம் துடைத்து
உப்பு, மிளகு, கோதுமைமாவில் புரட்டி
எண்ணெயில் போட்டபோது
மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம்.
ஐந்து நாளும் முழந்தாளில் நின்று
முகமாலை மண்ணைச் சாண் சாணாய்ச் சுரண்டிய உடம்பு
அந்தச் சத்தத்துக்கே வாயூறியது.

வெங்காயம், தக்காளி, கறுவா,
கராம்பை என் பெருவிரலால் நசித்துப் போட்டேன்.
வங்காலையில் நத்தாருக்கு வைப்பார்களாம்,
ஸ்ரூ என்றாள்.
சொதியோ என்றேன்.
“சொதியோ! கரண்டியை நட்டால் விழாது, பொறுத்துப் பார்.”

மூடி. மூடிமேல் வெயிட்.
அமுக்கம் என்றால் என்னவென்று
எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.
என்றாலும் இரண்டடி தள்ளி நின்றோம்.
சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டும் தள்ளித்தான் நின்றோம்.

முதல் விசில்.
வேலிக்கு அப்பால்
முற்றம் கூட்டுகிற சத்தம் நின்றது.
இரண்டு. மூன்று.
“என்ன பிள்ளையள், கடலையோ?”
“ஓம் அண்ணை, கடலை!”
நாலு. ஐந்து.
கடலைக்கு ஐந்து காணும்.
ஆறாவதுக்குத் தயாழினி ரேடியோவைக் கூட்டினாள்,
பார்த்து அந்நேரம் மரண அறிவித்தல்.
யாரோ ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின்
பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே
ஏழு.
நெருப்பைக் குறைப்பம் என்றேன்.
“நெஞ்செலும்பு, அவியட்டும்” என்றாள் பெனடிக்ரா,
கத்தியால் கரட் சீவிக்கொண்டே.
எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்றில் நிறுத்தி
வெயிட்டைத் தூக்காமல்
ஆவி தானாய் இறங்குமட்டும் குந்தியிருந்தோம்.
அவசரப்படாமல் இருப்பதில்
எங்களை வெல்ல ஆளில்லை.

பிறகு மூடி திறந்தது.
கரட்டும் கிழங்கும் போட்டுக்
கிளறிக்கொண்டு நிற்கையில்
வாசம் எழும்பி, எங்களை ஒரு வார்த்தை கேளாமல்
தகரத்துக்கு மேலால் போனது.
போனதைப் பிடிக்க ஏலாது.
பாணைப் பிய்த்தோம்.
எலும்பு எனக்கு விழுந்தது,
கோப்பை விளிம்பில் தட்டித் தட்டி
உள்ளிருந்ததை உறிஞ்சினேன்.
கரண்டி விழவில்லை.

விடிய ஐந்து மணி. வேலை வாகனத்துக்குக் காவல்.
படலையைத் திறந்துவிட்ட பரமசாமி அண்ணை
வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்து
“பதினொன்று” என்றார்.
நாங்கள் சப்பாத்தைப் பார்த்தோம்.
“நல்ல முத்தல் கடலையாக்கும்.”
துப்பினார். குரலைத் தாழ்த்தினார்.
“இனி அவிக்கிறதெண்டால்
அவ கோயிலுக்குப் போற நாளாப் பாத்து அவியுங்கோ.”

பத்து மணிக்கு
சிவப்புத் தடிகளுக்கு இந்தப்பக்கம் வந்து
முகக் கண்ணாடியை நிமிர்த்தி
கையுறையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கிறேன்.
பெருவிரலில்
இன்னும் கராம்பு.